சின்ன காலேஜ்ல ரிசர்ச் பண்ண முடியுமா? – கேளுங்க, அக்கா பதில் சொல்றேன்

போன இதழ்ல அமெரிக்காவுல இருக்குற லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் பத்தி ரெண்டு பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம்னு நம்ம கெடா பக்கத்துல இருந்து மட்டும் அவ்வளவு கேள்வி, எல்லாம் சுத்தி சுத்தி ஒரே விஷயத்துலதான் வந்து நிக்குது, அங்க போனா டிகிரி படிக்கும்போதே ஆய்வு பண்ண விடுவாங்களான்னு. அதனால இந்த மாசம் மத்த கேள்விய எல்லாம் ஒதுக்கி வெச்சிட்டு இத மட்டும் பேசுவோம். போன இதழ் படிக்காதவங்களுக்கு: இந்த காலேஜ் எல்லாம் நாலு வருஷ டிகிரி மட்டும் குடுக்குற சின்ன இடம், பெரும்பாலும் 1,500ல இருந்து 3,000 மாணவர்களுக்குள்ளதான் இருப்பாங்க, பேர்ல ஆர்ட்ஸ்னு இருந்தாலும் பிசிக்ஸ், பயாலஜி, கணிதம், கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு.

அக்கா, நான் பீடோங், ஹார்வர்ட் தோட்டத்துல பொறந்து வளந்தவ. எஸ்.டி.பி.எம், அதான் ஆறாம் படிவப் பரீட்சை, முடிச்சிட்டேன். அயோவா மாநிலத்துல ஒரு சின்ன காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு, செலவுல பெரும்பகுதிய அவங்களே ஏத்துக்குறாங்க. எனக்கு பயாலஜில ரிசர்ச் பண்ணணும்னு ஆசை. ஆனா மாமா, 'பேரே கேள்விப்படாத காலேஜ், அங்க என்ன லேப் இருக்கப்போவுது, பெரிய யுனிவர்சிட்டிக்கு போ'ங்குறாரு. வீட்டுல எல்லாரும் மாமா பேச்சைத்தான் கேப்பாங்க. நான் என்ன சொல்றது?

தங்கச்சி, மாமாகிட்ட இத படிச்சு காட்டு. அவரு கேக்குறது நியாயமான கேள்விதான், ஆனா லேப்ல எவ்வளவு பெரிய மெஷின் இருக்குன்னு கேக்குறதுக்கு முன்னாடி அந்த மெஷினை யாரு தொடுறாங்கன்னு கேக்கணும். பெரிய ஆராய்ச்சி யுனிவர்சிட்டில ஒரு பேராசிரியருக்கு கீழ பிஎச்டி முடிச்சவங்க இருப்பாங்க, பிஎச்டி பண்றவங்க இருப்பாங்க, மாஸ்டர்ஸ் பண்றவங்க இருப்பாங்க, அவங்களுக்கு எல்லாம் அப்புறம்தான் டிகிரி மாணவி. பேராசிரியர் முகத்தையே மாசத்துக்கு ஒரு தடவை பாக்குற பிள்ளைங்க உண்டு. சின்ன காலேஜ்ல அந்த நடு வரிசையே கிடையாது. பேராசிரியருக்கும் ஆய்வு பண்ணி கட்டுரை போட்டாதான் வேலை நிரந்தரம் ஆகும், கை கொடுக்க டிகிரி பிள்ளைங்கள விட்டா வேற ஆள் இல்ல, அதனால பத்தொன்பது வயசு பிள்ளைகிட்ட நேரடியா வேலைய குடுத்து, பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்து, தப்பா போனா திரும்ப செய்ய வெச்சு வளக்குறாங்க.

அயோவான்னு சொன்னியே, அங்கதான் கிரின்னெல் காலேஜ் இருக்கு, சுத்தி சோளக்காடு, நடுவுல சின்ன ஊரு. அங்க 1970ல கெமிஸ்ட்ரி முடிச்ச தாமஸ் செக், செல்லுக்குள்ள இருக்குற ஆர்.என்.ஏங்கிற மூலக்கூறு தானாவே வேதிவினையை நடத்தும்னு கண்டுபிடிச்சதுக்காக 1989ல கெமிஸ்ட்ரி நோபல் பரிசை சிட்னி ஆல்ட்மனோட பகிர்ந்துக்கிட்டாரு. ஜெனிஃபர் டௌட்னா தெரியும்ல, மரபணுவை வெட்டி ஒட்டுற கிரிஸ்பர் முறைக்காக 2020ல எமானுவேல் ஷார்பாண்டியேவோட நோபல் வாங்குனவங்க, அவங்க ஹவாய் தீவுல ஹீலோங்கிற ஊர்ல வளந்தவங்க, கலிஃபோர்னியாவுல பொமோனா காலேஜ்ல 1985ல டிகிரி முடிச்சாங்க, அதுவும் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்தான். ரெண்டு பேரும் மேற்படிப்புக்கு அப்புறம் பெரிய இடத்துக்குத்தான் போனாங்க, ஆனா அடித்தளம் சின்ன இடத்துல போட்டது. மாமாவுக்கு பேருதான் முக்கியம்னா இந்த ரெண்டு பேர சொல்லு.

சில காலேஜ்ல ரிசர்ச் விருப்பப்பாடம் கூட இல்ல, எல்லாரும் பண்ணியே ஆகணும். ஒஹாயோவுல வூஸ்டர் காலேஜ்ல கடைசி வருஷத்துல ஒவ்வொரு மாணவரும் சொந்தமா ஒரு ஆய்வு எடுத்து, ஒரு பேராசிரியரோட நேருக்கு நேர் உக்காந்து முடிக்கணும், அதுக்குப் பேரு இண்டிபெண்டென்ட் ஸ்டடி. ஓரிகன்ல ரீட் காலேஜ்லயும் ஆய்வேடு எழுதாம யாரும் வெளிய வர முடியாது. கிரின்னெல்ல பேராசிரியர் வழிகாட்டலோட தனி ஆய்வு பண்றதுக்குன்னே ஒரு திட்டம் வெச்சிருக்காங்க.

இப்ப குறைய சொல்றேன், ஏன்னா அத மறைச்சா உனக்கு நல்லது பண்ண மாதிரி ஆகாது. சின்ன காலேஜ்ல பயாலஜி துறையில பத்து பேராசிரியர் இருந்தா அதுவே நல்ல எண்ணிக்கை, உனக்கு பிடிச்ச தலைப்புல வேலை பாக்குறவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, அந்த ஒருத்தரும் உன் மூணாவது வருஷத்துல சபாட்டிக்கல்னு ஒரு வருஷ லீவுல போயிட்டா நீ அம்போன்னு நிக்கணும். ரொம்ப விலை கூடுன கருவி இருக்காது, பக்கத்து யுனிவர்சிட்டில போய் மாதிரிய ஓட்டிட்டு வரணும். பேராசிரியருக்கு கிளாஸ் எடுக்குற வேலையே ஜாஸ்தி, அதனால ஆய்வு பெரும்பாலும் கோடை லீவுலதான் வேகம் பிடிக்கும். இன்னொரு பக்கம், பெரிய இடத்துலயும் டிகிரி பிள்ளைங்களுக்கு கதவு திறந்து வெச்ச இடம் உண்டு, எம்.ஐ.டில 1969லயே அதுக்குன்னு தனி திட்டம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் நல்லா ஓடுது. அதனால 'சின்னதுன்னா நல்லது, பெருசுன்னா கெட்டது'ன்னு நான் சொல்ல மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது, ஒத்துக்கிறதுக்கு முன்னாடி காலேஜுக்கு எழுதி கேளு. போன கோடையில பயாலஜில எத்தனை மாணவருக்கு சம்பளத்தோட ஆய்வு இடம் குடுத்தீங்க, வெளிநாட்டு மாணவருக்கு அதுல தகுதி உண்டா, முதல் வருஷ மாணவரை எடுப்பீங்களா, அடுத்த ரெண்டு வருஷத்துல யாரு லீவுல போறாங்க, இத்தனையும் கேளு. அப்புறம் அந்த பேராசிரியர்களோட வலைப்பக்கத்துல போய் அவங்க போட்ட கட்டுரை பட்டியலைப் பாரு, மாணவரோட சேந்து எழுதுனதுன்னா அந்த மாணவர் பேரு பக்கத்துல சின்ன நட்சத்திரம் போடுறது நிறைய பேருக்கு வழக்கம். நட்சத்திரம் இருக்குற பட்டியலைத்தான் நான் நம்புவேன், பளபளன்னு இருக்குற விளம்பரப் புத்தகத்த நம்ப மாட்டேன். பதில் தெளிவா வந்தா, செலவையும் அவங்க பாத்துக்கிட்டா, தைரியமா கிளம்பு.

நான் போன ஆகஸ்ட்டுல அமெரிக்கா வந்தேன் அக்கா, சொந்த ஊரு பாடாங் செராய். பேராசிரியர்கிட்ட போய் 'உங்க லேப்ல சேத்துக்கோங்க'ன்னு கேக்கவே கூச்சமா இருக்கு. எப்படி கேக்குறது, எப்ப கேக்குறது? நம்ம மார்க் வேற சுமார்தான்.

தம்பி, இந்த கூச்சம் எங்க இருந்து வருதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். வாத்தியார் எதிர்ல வந்தா ஓரமா ஒதுங்கி நின்னு தலைய குனிஞ்சு வளந்த பிள்ளைங்க நம்ம, மரியாதைன்னா பேசாம இருக்குறதுன்னு பழகிட்டோம். அங்க கணக்கு வேற. போய் கதவை தட்டி கேள்வி கேக்குறவன்தான் பாடத்த மதிக்கிறவன்னு அவங்க எடுத்துக்குறாங்க, பேசாம இருந்தா ஆர்வம் இல்லன்னு நினைச்சுக்குறாங்க. உன் பக்கத்துல உக்காந்திருக்கிற அமெரிக்க பிள்ளைக்கு வீட்டுல அப்பாவோ அத்தையோ காலேஜ் படிச்சிருப்பாங்க, 'போய் கேளு'ன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க, உனக்கு அத சொல்ல ஆள் இல்ல, அதனால நான் சொல்றேன், போய் கேளு.

ஆஃபிஸ் அவர்ஸ்னு ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்துல சில மணி நேரம் ஒதுக்கி வெச்சிருப்பாங்க, அது உங்களுக்காகத்தான், அப்ப போனா அவரை தொந்தரவு பண்றதா ஆகாது. போறதுக்கு முன்னாடி அவரு எழுதுன கட்டுரை ஒண்ண எடுத்து படி, முழுசா புரியாது, பரவால்ல, முன்னுரையும் கடைசி பகுதியும் படிச்சு உனக்கு நெஜமா தோணுன ஒரு கேள்விய எழுதி வெச்சுக்கோ. ஈமெயில் அனுப்புறதா இருந்தா அஞ்சாறு வரி போதும். நான் யாரு, எந்த வருஷம், உங்க எந்த வேலைய படிச்சேன், அதுல இது எனக்கு ஆர்வமா இருந்துச்சு, வர்ற கோடையிலயோ அடுத்த செமஸ்டர்லயோ உங்ககூட வேலை கத்துக்க வழி இருக்கா, பேச நேரம் குடுப்பீங்களா. அவ்வளவுதான். நாப்பது பேருக்கு ஒரே கடிதத்த காப்பி பண்ணி அனுப்பாத, சின்ன காலேஜ்ல அவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுறவங்க, மதியத்துக்குள்ள தெரிஞ்சிடும். ஒரு வாரம் பத்து நாள் பதில் வரலன்னா மரியாதையா ஒரு தடவை நினைவுபடுத்து. இடம் இல்லன்னு சொன்னா 'வேற யாரைக் கேக்கலாம்'னு கேளு, அந்த ஒரு கேள்வியிலதான் பல பேருக்கு வழி திறந்திருக்கு.

நேரம் ரொம்ப முக்கியம். கோடை ஆய்வுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள முடிஞ்சிடும், அதனால பேச்ச அக்டோபர், நவம்பர்லயே ஆரம்பிச்சிடணும். ஏப்ரல்ல போய் கேட்டா பேராசிரியருக்கு மனசு இருந்தாலும் பணம் ஒதுக்கி முடிச்சிருப்பாங்க. மார்க் பத்தி கவலைப்படுறது சரிதான், ஆனா முதல் வருஷ மார்க்க விட, சொன்ன நேரத்துக்கு வர்றவனா, தப்பு பண்ணா மறைக்காம சொல்றவனா, நோட்டு ஒழுங்கா எழுதுறவனான்னுதான் லேப்ல பாப்பாங்க. இது மூணும் உன்கிட்ட இருந்தா மார்க் சுமாரா இருந்தாலும் போய் நில்லு.

நான் சுங்கைப்பட்டாணில லாரி ஓட்டுறேன்மா. மகன் அமெரிக்காவுல படிக்கிறான், ரெண்டாவது வருஷம். கோடை லீவுல வீட்டுக்கு வரல, காலேஜ்லயே ஆய்வு பண்ணப்போறேங்குறான். சம்பளம் இல்லாம எவனுக்கோ உழைக்கிறானோன்னு மனசு கேக்கல. இதுல காசு வருமா?

அண்ணே, நீங்க கேட்ட கேள்விதான் இந்த மாசம் வந்ததுலயே முக்கியமானது, இத கேக்காம போய் மாட்டிக்கிட்ட குடும்பங்க இருக்கு. நல்ல காலேஜ்ல கோடை ஆய்வுக்கு ஸ்டைபெண்ட்னு சம்பளம் உண்டு, பெரும்பாலும் எட்டுல இருந்து பத்து வாரம், பல இடத்துல தங்குற அறையும் சேத்து குடுப்பாங்க. செமஸ்டர் நடக்கும்போது பண்ற ஆய்வுக்கு ஒண்ணு மணிக் கணக்குல சம்பளம், இல்லன்னா பாடத்துக்கான கிரெடிட், வழக்கமா ரெண்டுல ஒண்ணுதான். மகன்கிட்ட இது எந்த கணக்குன்னு கேளுங்க. வீட்டு நிலைமை காசு எதிர்பாக்குற நிலைமையா இருந்தா அத பேராசிரியர்கிட்ட வெளிப்படையா சொல்லச் சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. சம்பளம் இல்லாத ஆய்வுங்கிறது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும் திறக்குற கதவு, அத நான் எப்பவும் எதிர்ப்பேன், பேராசிரியர்கள்லயே நிறைய பேரு எதிர்க்கிறாங்க.

விசா விஷயத்துல கவனம் வேணும். எஃப்-1 மாணவர் விசாவுல செமஸ்டர் ஓடும்போது காலேஜுக்குள்ள வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும்தான் வேலை பாக்கலாம், லீவுல முழு நேரம் பாக்கலாம். காலேஜுக்கு வெளிய, வேற யுனிவர்சிட்டி லேப்லயோ கம்பெனிலயோ போய் வேலை பாக்கணும்னா முன்கூட்டியே சி.பி.டின்னு அனுமதி வாங்கணும், அதுவும் பொதுவா ஒரு கல்வியாண்டு முடிஞ்ச அப்புறம்தான் கிடைக்கும். அனுமதி கைக்கு வராம ஒரு நாள் கூட போகக்கூடாது, விசாவே போயிடும். அப்புறம் அமெரிக்க அரசோட தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஆர்.இ.யூன்னு கோடை ஆய்வுக்கு நல்ல சம்பளம் குடுக்குற திட்டம் ஒண்ணு நடத்துது, நாடு பூரா நடக்குது, பிள்ளைங்க எல்லாரும் அதப் பத்தியே பேசுவாங்க, ஆனா அந்த காசு அமெரிக்க குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். மகன் அதுக்கு விண்ணப்பம் போட்டு நேரத்த வீணாக்க வேணாம், காலேஜோட சொந்த நிதியையே கேக்கச் சொல்லுங்க. வெளிநாட்டுப் பிள்ளைக்கு காலேஜ் சொந்தக் காசு எவ்வளவு இருக்குங்கிறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்.

வரியும் இருக்கு. ஸ்காலர்ஷிப்புல படிப்புக் கட்டணத்துக்குப் போற பங்குக்கு வரி கிடையாது, ஆனா தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் குடுக்குற பங்குக்கு வரி உண்டு, எஃப்-1 பிள்ளைங்களுக்கு அதுல வழக்கமா 14 சதவீதம் பிடிப்பாங்க. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால நமக்கு அதுல சலுகை கிடையாது. முழு உதவின்னு நம்பி போன பிள்ளைக்கு திடீர்னு பில் வரும்போதுதான் இது தெரியவே தெரியும். அந்த வரிய காலேஜே கட்டுமான்னு வெளிநாட்டு மாணவர் ஆஃபிஸ்ல கேக்கச் சொல்லுங்க, சில இடத்துல கட்டுறாங்க. ஸ்டைபெண்ட் வந்தா அதுல எவ்வளவு பிடிச்சுட்டு கைக்கு வரும்னும் அப்பவே கேட்டுக்கட்டும்.

மத்தபடி, அண்ணே, பையன் லீவுக்கு வராதது உங்களுக்கு கஷ்டமா இருக்கும், வீட்டுல அம்மாவுக்கு இன்னும் கஷ்டமா இருக்கும். ஆனா விமான டிக்கெட் காச மிச்சம் பண்ணி, சம்பளமும் வாங்கி, நாளைக்கு மேற்படிப்புக்கு கடிதம் எழுதிக் குடுக்க ஒரு பேராசிரியரையும் சம்பாதிக்கிறான்னா அந்த கோடை வீண் போகாது. அனுப்பி வைங்க.

என் மகளுக்கு சயின்ஸ் ஒத்து வரல, வரலாறும் தமிழும்தான் உயிரு. ஆய்வுன்னா லேப் கோட் போட்டவங்களுக்கு மட்டும்தானா? – கூலிம்ல இருந்து ஒரு அம்மா

இல்லம்மா, இல்லவே இல்ல. எனக்கு இந்த கேள்வி வந்ததுல அவ்வளவு சந்தோஷம். சின்ன காலேஜ்ல வரலாறு, மானிடவியல், மொழியியல், இசை எல்லாத்துலயும் டிகிரி பிள்ளைங்க ஆய்வு பண்றாங்க, அதுக்கும் கோடைப் பணம் உண்டு, பயணப் பணம் குடுத்து சொந்த ஊருக்கே அனுப்பி தரவு சேகரிக்க விடுற காலேஜும் உண்டு. இதுல நம்ம பிள்ளைங்களுக்கு யாருக்கும் கிடைக்காத ஒரு பலம் இருக்கு, நம்ம கதை பாதிக்கு மேல இன்னும் எழுதப்படாம கிடக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஆள் சேக்குற கங்காணி மூலமா கப்பலேறி வந்தவங்க, 1938ல இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் அனுப்புறதை தடை பண்ண அப்புறம் இங்கயே வேரூன்றுனவங்க, ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்துல இருந்து சயாம், அதான் தாய்லாந்து, பர்மா ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனவங்க. அந்தப் பாதைய 1942லயும் 1943லயும் போட்டாங்க, போன தமிழர்கள்ல எத்தனையோ பேரு திரும்பி வரவே இல்ல. அங்க செத்த வெள்ளைக்கார போர்க் கைதிகளுக்கு தாய்லாந்து காஞ்சனபுரில வரிசையா பேர் பொறிச்ச கல்லறை இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு பேர் பட்டியல் கூட ஒழுங்கா இல்ல. அப்ப பத்து வயசுப் பிள்ளையா இருந்து அப்பா லாரில ஏறுனதைப் பாத்தவங்க இப்ப தொண்ணூறைத் தாண்டிட்டாங்க. உங்க மகள் காலேஜ் போய் பட்டம் வாங்கி, அப்புறம் பண்ணலாம்னு இருந்தா கேக்க ஆள் இருக்க மாட்டாங்க. இப்பவே பாட்டிகிட்ட, பக்கத்து லயத்து தாத்தாகிட்ட உக்காந்து, அவங்க சம்மதம் கேட்டு, ஃபோன்ல பதிவு பண்ணி வைக்கச் சொல்லுங்க. எந்த தோட்டம், எந்த டிவிஷன், கணக்கு எழுதுன கிராணி யாரு, எந்த வருஷம் ரப்பர்ல இருந்து செம்பனைக்கு, அதான் எண்ணெய்ப்பனைக்கு, மாறுச்சு, எப்ப லயத்தை காலி பண்ணச் சொன்னாங்க, தாலாட்டு என்ன பாடுனாங்க, எல்லாத்தையும் அவங்க வார்த்தையிலயே.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அமெரிக்க காலேஜ்ல மனுஷங்கள பேட்டி எடுத்து பண்ற ஆய்வுன்னா ஐ.ஆர்.பின்னு ஒரு நெறிமுறைக் குழுகிட்ட ஆய்வை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடணும், வாய்மொழி வரலாறுக்கு சில சமயம் விலக்கு உண்டு, ஆனா விலக்கு உண்டான்னு முடிவு பண்றது அவங்கதான். பேட்டி குடுக்குறவங்களுக்கு இது எதுக்கு, எங்க வரும், பேரைப் போடலாமா, வேணாம்னா எப்ப வேணா நிறுத்தலாம்னு அவங்க மொழியிலயே விளக்கி சம்மதம் வாங்கணும். நம்ம பெரியவங்க 'பேரப்பிள்ளை கேக்குது'ன்னு எதையும் சொல்லிடுவாங்க, கையெழுத்து எங்க வேணாலும் போட்டுடுவாங்க, அதனாலயே நம்ம பிள்ளைங்க இதுல ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருக்கணும். குடியுரிமை, நிரந்தரவாசிக்கு குடுக்குற சிவப்பு அடையாள அட்டை மாதிரி விஷயம் பேசுறவங்களுக்கு பேர் வெளிய வந்தா பாதிப்பு வரலாம்.

தமிழும் ஆங்கிலமும் மலாயும் மூணும் தெரிஞ்ச ஒரு பிள்ளைய எந்த வரலாற்றுப் பேராசிரியரும் கைநழுவ விட மாட்டாங்க. இத மகள்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

எனக்கு டாக்டர் ஆகணும். லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல ரிசர்ச் பண்ணிட்டு அப்படியே அமெரிக்காவுல மெடிசின் போகலாமா? – கூரூண்ல இருந்து ஒரு வாசகர்

வேணாம். அங்க மெடிசின் டிகிரிக்கு அப்புறம்தான், இன்னொரு நாலு வருஷம், செலவு மலை மாதிரி, அதோட வெளிநாட்டு மாணவரை எடுக்குற மெடிக்கல் ஸ்கூல் ரொம்பக் கம்மி. மலேசியாவுல டாக்டரா வேலை பாக்கணும்னா மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரிச்ச எம்.பி.பி.எஸ்க்கு நேரா போறதுதான் வழி. நோயப் பத்தி ஆராய்ச்சி பண்றதுலதான் ஆசை, ஊசி போடுறதுல இல்லன்னா திரும்ப எனக்கு எழுது, அது வேற பேச்சு.

லேப்ல சேந்து ஒரு செமஸ்டர் ஆச்சு அக்கா, கண்ணாடிக் குடுவை கழுவுறதும் லேபிள் ஒட்டுறதும்தான் வேலை. எடுத்த சோதனை ரெண்டும் ஓடல. இதுக்குப் பேருதான் ரிசர்ச்சா? விட்டுடலாமான்னு இருக்கு.

முதல் செமஸ்டர்ல கழுவுறது எல்லாருக்கும் உண்டு தங்கச்சி, அதுல தப்பில்ல. கழுவாத குடுவையில அடுத்தவங்க மூணு வார வேலை நாசமாகும், அத புரிஞ்சவங்கள நம்பித்தான் அடுத்த வேலைய குடுப்பாங்க. ஆனா ரெண்டாவது செமஸ்டரும் அதே வேலைன்னா நேரா போய், 'இந்த ஆய்வுல எனக்குன்னு ஒரு சின்ன கேள்வி குடுங்க, ஓடலன்னாலும் பரவால்ல, நானே கொண்டு போறேன்'னு கேளு. லேப் மீட்டிங்ல உக்கார விடச் சொல்லு. அப்படிக் கேட்டும் குடுக்காத லேப்னா வேற லேப் பாரு, அதுல யாருக்கும் துரோகம் கிடையாது, நன்றி சொல்லி, நோட்டை ஒழுங்கா ஒப்படைச்சிட்டு கிளம்பு.

சோதனை ஓடாததுக்கு இவ்வளவு மனசு உடையாத. அஞ்சாம் படிவப் பாடப்புத்தகம் மாதிரி விடை பின் பக்கத்துல இருக்குற வேலை இல்ல இது, விடை யாருக்குமே தெரியாது, உன் பேராசிரியருக்கும் தெரியாது. என்ன செஞ்சே, என்ன வெப்பநிலை, எந்த பாட்டில், எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் அன்னைக்கே தேதி போட்டு எழுதிட்டியான்னுதான் பாக்கணும். எழுதியிருந்தா ஓடாத சோதனையும் அடுத்தவங்களுக்கு உபயோகம். அப்புறம், கட்டுரை வந்தா யாரு பேரு எந்த வரிசையிலன்னு ஆரம்பத்துலயே கேட்டு வெச்சுக்கோ. ஆய்வை ஒரு பெரிய தாள்ல எழுதி மாநாட்டுல விளக்குற போஸ்டர் போடவாவது கேளு, அமெரிக்காவுல டிகிரி மாணவர்களோட ஆய்வுக்குன்னே 1987ல இருந்து தேசிய மாநாடு நடக்குது, போய் வர நிறைய காலேஜ் காசு குடுக்கும்.

ஆறாம் படிவம் படிக்கிறேன் அக்கா, பீடோங்தான். அமெரிக்கா எல்லாம் நமக்கு எட்டுமான்னு தெரியல. இங்கயே இருந்தா ஆய்வு பண்ண வழி இருக்கா? இப்ப இருந்தே என்ன செய்யலாம்?

எட்டுமா எட்டாதான்னு நீயே முடிவு பண்ணிடாத. ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சில காலேஜ் வெளிநாட்டு மாணவரோட பண வசதியைப் பாக்காமயே இடம் குடுத்து, தேவையான உதவியும் குடுக்குது. கெண்டக்கில பெரியாங்கிற காலேஜ் கல்விக் கட்டணமே வாங்குறதில்ல, பதிலுக்கு எல்லா மாணவரும் வாரத்துக்கு குறைஞ்சது பத்து மணி நேரம் காலேஜ் வேலை பாக்கணும். இந்த இடங்களுக்கு போட்டி ரொம்பக் கடுமை, ஆனா விண்ணப்பம் போடாதவனுக்கு கிடைக்கவே கிடைக்காது. கோலாலம்பூர்ல மாக்கீன்னு மலேசிய அமெரிக்க கல்வி பரிமாற்ற ஆணையம் இருக்கு, அங்க ஆலோசனை கேளு, கமிஷன் வாங்குற ஏஜென்டுகிட்ட போறதுக்கு முன்னாடி அங்க பேசு. சிங்கப்பூர்ல யேல்-என்.யு.எஸ்னு ஒண்ணு இருந்துச்சு, பக்கத்துலயே இருந்த லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ், அது 2025ல மூடியாச்சு, பழைய கட்டுரைய படிச்சிட்டு அதுக்கு ஆசைப்படாத.

இங்கயே இருந்தாலும் வழி நிறைய. நம்ம செமிலிங்ல ஏய்ம்ஸ்ட் யுனிவர்சிட்டி இருக்கு, பினாங்குல யு.எஸ்.எம், கம்பார்ல உத்தார், எங்க போனாலும் கடைசி வருஷ ஆய்வுத்திட்டம் உண்டு. நிறைய பிள்ளைங்க அதை கடைசி நேரத்துல ஏதோ ஒரு தலைப்ப எடுத்து முடிச்சுக் குடுத்துடுறாங்க. நீ முதல் வருஷத்துலயே விரிவுரையாளர்கிட்ட போய், சனிக்கிழமை வந்து உதவி பண்றேன்னு கேளு, அங்க தம்பிக்கு சொன்ன அதே வழிதான், இங்கயும் செல்லும்.

இப்ப இருந்தேன்னு கேட்டியே, அதுதான் எனக்கு பிடிச்சுது. உன் வீட்ட சுத்தியே ஆய்வுக்கூடம் கிடக்கு. செம்பனை பூவுக்கு காத்துதான் மகரந்தத்த கொண்டு போகுதுன்னு நெடுநாளா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, இங்க காய் பிடிக்காம தோட்டத்துப் பெண்கள் பூவுக்கு பூ கையால தூள் அடிச்சாங்க, உன் பாட்டிய கேளு, சொல்லுவாங்க. ரஹ்மான் சையத்ங்கிற பூச்சி ஆய்வாளர் ஆப்பிரிக்காவுல கேமரூன்ல பூவைக் கூர்ந்து பாத்து, வேலைய செய்யிறது ஒரு சின்ன வண்டுன்னு நிரூபிச்சு, 1981ல அத இங்க கொண்டு வந்து விட்டாங்க, கையால தூள் அடிக்கிற வேலையே நின்னு போச்சு. மரத்தடியில தட்டு தட்டா காளான் வந்து செம்பனை சாயுதே, அது கேனோடெர்மா, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் முழு தீர்வு இல்ல. எலிய பிடிக்க தோட்டத்துல ஆந்தைக்கு பெட்டி வெச்சிருக்காங்களே, அத வெச்சு யு.எஸ்.எம்ல ஒரு குழுவே ஆய்வு பண்ணுது.

ஒரு நோட்டு எடு. மேனேஜர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கு, பயாலஜி டீச்சரையும் கூட்டு சேத்துக்கோ. ஆந்தைப் பெட்டி எத்தனை இருக்கு, எத்தனைல ஆந்தை குடியிருக்கு, கீழ அது கக்கிப் போட்ட உருண்டையில என்ன எலும்பு இருக்குன்னு மாசா மாசம் ஒரே நாள்ல பாத்து எழுது. கையுறை போடாம அதத் தொடாத, நோய்க் கிருமி இருக்கலாம், பெட்டி மேல ஏறவும் வேணாம், குஞ்சு இருக்கும்போது கிட்டயே போகாத. அமெரிக்க காலேஜ் விண்ணப்பத்துல கட்டுரைக்கு 650 சொல்தான் இடம், அதுல இந்த ஆந்தையப் பத்தி எழுதலாம். ஒரு மாச நோட்டை எழுதி முடிச்சதும் படம் பிடிச்சு எனக்கு அனுப்பு, எந்த விரிவுரையாளர்கிட்ட காட்டலாம்னு நான் பாத்து சொல்றேன்.